‘நாளைக்கு ஸ்டேஷன் வந்துட்டுப் போ’ என்று சொன்னால்

ஒரு அக்கா கேட்டிருக்கும் கேள்வி இது. உணவு டெலிவரி வேலை பார்க்கும் தம்பியை இரவு பதினொன்றரைக்கு பைபாஸ் ரோட்டில் நிறுத்தியிருக்கிறார்கள். வண்டிச் சாவியைப் பிடுங்கிக்கொண்டார்கள். செல்போனை வாங்கி கேலரியையும் வாட்ஸ்அப்பையும் தள்ளித் தள்ளிப் பார்த்தார்கள். முகத்தைப் போட்டோ எடுத்தார்கள். கடைசியில் சாவியைக் கொடுத்து, “நாளைக்குக் காலையில பத்து மணிக்கு ஸ்டேஷன் வந்துட்டுப் போ” என்று அனுப்பிவிட்டார்கள். போக வேண்டுமா, போகாவிட்டால் என்ன ஆகும், போனால் அடிப்பார்களா?

தென் மாவட்டத்தில் கீழமை நீதிமன்றங்களில் இருபது வருடத்துக்கு மேல் கிரிமினல் வழக்கு நடத்துகிறேன். என்னிடம் வருகிற குடும்பங்கள் பெரும்பாலும் கடைசிக் கேள்வியைத்தான் முதலில் கேட்கும். அந்தப் பயம் காரணமில்லாத பயம் என்று என்னால் சொல்ல முடியாது. 2020 ஜூனில் சாத்தான்குளத்தில் செல்போன் கடை வைத்திருந்த தந்தையும் மகனும், 2025 ஜூனில் மடப்புரம் கோயில் காவலாளியும் போலீஸ் பிடியில் அடிபட்டு எப்படிச் செத்தார்கள் என்று நம் எல்லோருக்கும் தெரியும். அதனால், பயத்தை வைத்துக்கொண்டே என்ன செய்யலாம் என்று சொல்கிறேன்.

எல்லாவற்றுக்கும் அடிப்படையாக ஒன்றைப் பிடித்துக்கொள்ளுங்கள். போலீஸ் உங்களிடம் பேசும்போது நீங்கள் சட்டத்தின் கண்ணில் யார்? ரோட்டில் போகிறவரா, சாட்சியா, குற்றம் சாட்டப்பட்டவரா, கைதானவரா? ஒவ்வொன்றுக்கும் அவர்களின் அதிகாரம் வேறு, உங்கள் உரிமையும் வேறு. நடைமுறையில் இந்த நான்கையும் குழப்பி, “சும்மா விசாரணைதாங்க” என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவார்கள். அந்த ‘சும்மா’வுக்கு சட்டத்தில் இடமே கிடையாது. ஆளைக் கூப்பிட்டால் அதற்கு ஒரு பிரிவு இருக்க வேண்டும், பிரிவு இருந்தால் ஒரு தாள் இருக்க வேண்டும், தாள் இருந்தால் அதில் தேதியும் நேரமும் இருக்க வேண்டும்.

2024 ஜூலை 1 முதல் குற்றவியல் நடைமுறைச் சட்டம் போய் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா வந்துவிட்டது. பிரிவு எண்கள் மாறிவிட்டன. கோர்ட் வராண்டாவில் நாங்கள் இன்னும் “நாற்பத்தொண்ணு ஏ” என்றுதான் பேசுகிறோம், ஸ்டேஷனிலும் அப்படித்தான். கீழே சட்டத்தின் பெயர் சொல்லாமல் நான் தரும் பிரிவு எண்களெல்லாம் இந்தப் புதுச் சட்டத்தின் எண்கள்.

ரோட்டில் நடந்ததிலிருந்து வருவோம். சீருடையில் இருக்கும் போலீஸ் நிறுத்தச் சொன்னால் வண்டியை நிறுத்துங்கள். இதில் விவாதமே வேண்டாம். நிறுத்தாமல் போய் விழுந்து செத்த பையன்களின் வழக்குகளைப் பார்த்திருக்கிறேன். மோட்டார் வாகனச் சட்டம் 130வது பிரிவின்படி, சீருடையில் உள்ள காவலர் கேட்டால் லைசென்ஸைக் காட்ட வேண்டும். டிஜிலாக்கரிலோ எம்பரிவாஹனிலோ இருப்பதைக் காட்டினால் போதும், 2018இல் விதி 139ஐத் திருத்தி அதை ஏற்றுக்கொண்டுவிட்டார்கள். அசல் ஆவணத்தைப் பிடித்து வைத்தால் அதே மோட்டார் வாகனச் சட்டத்தின் 206வது பிரிவின்படி அதற்கு ரசீது தர வேண்டும். சாவியைப் பிடுங்கலாம் என்று அந்தச் சட்டத்தில் ஒரு பிரிவும் கிடையாது. ஆனால் நள்ளிரவில் நாலு பேருக்கு நடுவே தனியாக நிற்கும் ஒரு பையன் அதற்காகச் சண்டை போட வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். இடம், நேரம், வாகன எண், சட்டையில் இருக்கும் பெயர்ப் பட்டை இவற்றை மனதில் வாங்கிக்கொண்டு, வீட்டுக்கு வந்ததும் எழுதி வைத்தால் போதும்.

பெயரும் முகவரியும் கேட்டால் சொல்லுங்கள், உண்மையைச் சொல்லுங்கள். பிடிவாரன்ட் இல்லாமல் கைது செய்ய முடியாத சின்னக் குற்றமாக இருந்தாலும், அதைச் செய்ததாகச் சொல்லப்படுபவர் பெயரைச் சொல்ல மறுத்தாலோ பொய்ப் பெயர் சொன்னாலோ அதற்காகவே பிடித்து வைக்க 39வது பிரிவு இடம் தருகிறது. புதிதாக வந்த 172வது பிரிவு இன்னும் கூர்மையானது. குற்றத்தைத் தடுக்கும் கடமையில் இருக்கும் காவலர் தரும் சட்டப்படியான உத்தரவுக்கு எல்லோரும் கட்டுப்பட வேண்டும், மறுத்தால் பிடித்து வைக்கலாம் என்கிறது. பழைய சட்டத்தில் இது இல்லை. ‘சட்டப்படியான’ என்ற சொல்லில்தான் அதன் உயிர் இருக்கிறது. ஆனால் அந்தச் சொல்லுக்கான வாதத்தை ரோட்டில் ஜெயிக்க முடியாது, கோர்ட்டில்தான் ஜெயிக்க முடியும். “எங்கேயிருந்து வர்றே, எங்கே போறே” என்பதற்கு “வேலை முடிஞ்சு வீட்டுக்குப் போறேன் சார்” என்ற ஒரு வரி போதும். அதற்கு மேல் கதை சொல்லச் சொல்ல முரண்பாடு வரும், முரண்பாடு வந்தால் சந்தேகம் வரும். ‘தன்னை மறைத்துக்கொண்டு திரிந்தான்’ என்று போடுகிற சந்தேக கேஸ், பழைய 109, இப்போது 128. அது இப்படித்தான் முளைக்கிறது.

செல்போன் விஷயத்தில் எனக்கு உண்மையிலேயே கோபம் வருகிறது. தெருவில் நிறுத்திய ஒருவரின் போனைத் திறந்து உள்ளே மேய்வதற்கு இந்தச் சட்டங்கள் பொது அதிகாரம் எதையும் தரவில்லை. ஒரு வழக்கு இருந்து, அதன் விசாரணைக்கு அந்தப் போன் தேவைப்பட்டால், எழுத்து மூலம் கேட்கலாம், பட்டியல் எழுதிக் கைப்பற்றலாம். 105வது பிரிவின்படி சோதனையும் கைப்பற்றுதலும் வீடியோவில் பதிவாக வேண்டும். அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாகச் சொன்னார்கள். ஒருவனுடைய அம்மா போட்ட செய்தி, காதலி அனுப்பிய படம், கடன்காரனின் மிரட்டல் எல்லாம் அந்தக் கைப்பேசியில்தான் இருக்கிறது. “சார், போன்ல பர்சனல் விஷயம் இருக்கு, எந்த கேஸுக்குன்னு சொல்லுங்க, எழுதிக் கொடுத்து வாங்கிக்கோங்க” என்று மரியாதையாகச் சொல்லலாம். மீறிப் பறித்தால் மல்லுக்கட்ட வேண்டாம். விருப்பப்பட்டுக் கொடுக்கவில்லை என்பதை மட்டும் வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள்.

போட்டோவும் அப்படித்தான். 2022இல் வந்த அடையாளம் காணும் சட்டம் தண்டனை பெற்றவர், கைதானவர், நன்னடத்தைப் பிணை எழுதித் தர உத்தரவிடப்பட்டவர், தடுப்புக் காவலில் உள்ளவர் ஆகியோரிடம் அளவுகளும் படங்களும் எடுக்க இடம் தருகிறது. வேறு யாரிடமாவது எடுக்க வேண்டுமென்றால் மாஜிஸ்திரேட் உத்தரவு வேண்டும். டெலிவரி பையுடன் வீட்டுக்குப் போகிறவன் இதில் எதிலும் இல்லை.

இப்போது பத்து மணி விவகாரம். வாய்ச்சொல்லில் “வந்துட்டுப் போ” என்பது சம்மன் ஆகாது. சாட்சியாக விசாரிக்க வேண்டுமென்றால் 179வது பிரிவின்படி எழுத்து மூலம் உத்தரவு தர வேண்டும். அதுவும் அந்த ஸ்டேஷன் எல்லையிலோ பக்கத்து ஸ்டேஷன் எல்லையிலோ இருப்பவரைத்தான் கூப்பிடலாம். பெண்கள், 15 வயதுக்கு உட்பட்ட பையன்கள், 60 வயதைத் தாண்டிய ஆண்கள், மாற்றுத்திறனாளிகள், கடும் நோயாளிகள் ஆகியோரை அவர்கள் குடியிருக்கும் இடத்தில்தான் விசாரிக்க வேண்டும், அவர்களாக விரும்பி வந்தால் தவிர. இதை மீறி வேண்டுமென்றே வரவழைக்கும் அதிகாரிக்கு பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் இடத்தில் வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 199வது பிரிவில் ஆறு மாதத்துக்குக் குறையாத, இரண்டு வருடம் வரை போகக்கூடிய கடுங்காவல் தண்டனை இருக்கிறது. ‘பையனைக் காணோம்னா அம்மாவைக் கூட்டிட்டு வா’ என்று ஸ்டேஷன் பெஞ்சில் பெண்களை உட்கார வைக்கிறார்களே, அவர்களுக்கு எதிராக இந்தப் பிரிவு எப்போதாவதுதான் எடுத்துக்காட்டப்படுகிறது. எடுத்துக்காட்டுங்கள்.

குற்றம் சாட்டப்பட்டவராகக் கூப்பிட்டால் 35(3) நோட்டீஸ், அதாவது கைது செய்யாமல் விசாரணைக்கு ஆஜராகச் சொல்லும் தாள், பழைய ‘நாற்பத்தொண்ணு ஏ’. ஏழு வருடம் வரை தண்டனை உள்ள குற்றங்களில் எடுத்த எடுப்பில் கைது செய்யக் கூடாது, தேவை இருந்தால் காரணம் எழுதித்தான் செய்ய வேண்டும் என்று 2014இல் அர்னேஷ் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் கறாராகச் சொன்னது. நோட்டீஸுக்குப் போய் ஒத்துழைத்தால் கைது கூடாது, காரணத்தைப் பதிவு செய்தால் மட்டுமே விதிவிலக்கு. போகாவிட்டால் அதுவே கைதுக்குக் காரணமாகிவிடும். ஆகவே இந்த நோட்டீஸ் வந்தால் கட்டாயம் போங்கள். அதை வாட்ஸ்அப்பில் அனுப்பினால் செல்லாது என்று 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.

நம் ஊரில் மூன்றாவது ஒன்றும் உண்டு, மனு விசாரணை. யாரோ ஒருவர் மனு கொடுத்திருப்பார், அதைப் பெற்றுக்கொண்டதற்கு சி.எஸ்.ஆர். என்ற ரசீது போட்டிருப்பார்கள், எஃப்.ஐ.ஆர். இருக்காது. ஏட்டு போன் பண்ணிக் கூப்பிடுவார். பாதிக்கு மேல் பணம் கொடுக்கல் வாங்கல், வீட்டு வாடகை, வரப்புத் தகராறு. சிவில் விவகாரத்தில் ஸ்டேஷனில் வைத்துப் பணம் வசூலித்துத் தருவது கட்டப் பஞ்சாயத்து, போலீஸ் வேலை அல்ல. ‘விசாரணை என்ற பெயரில் துன்புறுத்துகிறார்கள்’ என்று போடும் மனுக்களில் சென்னை உயர் நீதிமன்றம் இதைப் பல முறை சொல்லிவிட்டது: எழுத்து மூலம் அழைப்பாணை, அதில் தேதியும் நேரமும், விசாரித்ததை ஸ்டேஷன் பொது நாட்குறிப்பில் பதிவு. எனவே, “எந்த மனு, சி.எஸ்.ஆர். நம்பர் என்ன, எழுத்துல கொடுங்க, வர்றேன்” என்று கேட்பது திமிர் ஆகாது, நீதிமன்றம் சொன்னதைக் கேட்பது.

ஸ்டேஷனுக்குள் போன பிறகு எதைச் சொல்லலாம், எதைச் சொல்லாமல் இருக்கலாம்? இதற்கான முக்கியத் தீர்ப்பு ஒரு முன்னாள் முதலமைச்சர் வாங்கிக் கொடுத்தது. ஒடிசாவின் நந்தினி சத்பதியை 1977இல் கட்டக் விஜிலன்ஸ் காவல் நிலையத்துக்கு வரச் சொல்லி, எழுதி வைத்த நீளமான கேள்விப் பட்டியலைக் கொடுத்தார்கள். அவர் பதில் சொல்ல மறுத்தார், மறுத்ததற்காக வழக்கு. 1978இல் நீதிபதி கிருஷ்ணய்யர் அமர்வு, அரசமைப்பின் 20(3) தரும் மௌனமாக இருக்கும் உரிமை கோர்ட் கூண்டில் மட்டும் அல்ல, போலீஸ் விசாரணையிலும் உண்டு என்றது. பெண்ணை ஸ்டேஷனுக்கு வரவழைத்ததே சட்ட மீறல் என்றும் கண்டித்தது. இன்றைய 180வது பிரிவும் அதையே சொல்கிறது. தெரிந்ததை உண்மையாகச் சொல்ல வேண்டும், ஆனால் உங்களையே குற்றத்தில் மாட்டிவிடக்கூடிய கேள்விக்குப் பதில் சொல்லக் கட்டாயம் இல்லை. அப்படிச் சொல்லும் வாக்குமூலத்தில் கையெழுத்துப் போடத் தேவையில்லை, 181வது பிரிவு போடவே கூடாது என்கிறது. வெற்றுத்தாளில் கையெழுத்து கேட்டால் எந்தச் சூழ்நிலையிலும் கூடாது. பின்னால் அந்தத் தாள் என்னவாக வேண்டுமானாலும் மாறும். கைதானவருக்கு விசாரணையின்போது வக்கீலைச் சந்திக்க 38வது பிரிவு உரிமை தருகிறது, விசாரணை முழுக்க பக்கத்தில் உட்கார வைக்க அல்ல, இடையிடையே பார்க்க.

கைது என்றால் எல்லாம் தாளில்தான். 1986இல் மேற்கு வங்கத்து இலவச சட்ட உதவி அமைப்பின் தலைவர் டி.கே. பாசு, லாக்கப் சாவுகளைப் பற்றி உச்ச நீதிமன்றத் தலைமை நீதிபதிக்கு ஒரு கடிதம் எழுதினார். அந்தக் கடிதமே மனுவாகி, 1996 டிசம்பரில் பதினொரு கட்டளைகளுடன் தீர்ப்பு வந்தது. இன்றைய 36வது பிரிவு அதன் சாறு. கைது செய்பவரின் பெயர் தெளிவாகத் தெரியும்படி இருக்க வேண்டும். கைது மெமோ எழுத வேண்டும். அதில் குடும்பத்தார் ஒருவரோ அந்தப் பகுதியின் மதிப்புள்ள ஒருவரோ சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும், கைதாகிறவரும் போட வேண்டும். கைதானதை உறவினருக்கோ நண்பருக்கோ தெரிவிக்க வேண்டும். கைதுக்கான காரணத்தை, கைதானவருக்குப் புரியும் மொழியில் எழுதியே தர வேண்டும், தாமதமானாலும் ரிமாண்டுக்கு இரண்டு மணி நேரம் முன்னால் தந்தாக வேண்டும் என்று 2025 நவம்பரில் உச்ச நீதிமன்றம் எல்லாக் குற்றங்களுக்கும் விரித்துச் சொன்னது. தமிழ் மட்டும் தெரிந்தவரிடம் ஆங்கிலத் தாளை நீட்டிக் கையெழுத்து வாங்கும் பழக்கத்துக்கு இதுதான் பதில். டாக்டர் பரிசோதனை 53வது பிரிவு. பெண்களை சூரியன் மறைந்த பிறகு, உதிக்கும் முன் கைது செய்யக் கூடாது, தவிர்க்க முடியாவிட்டால் பெண் அதிகாரி முன்கூட்டியே மாஜிஸ்திரேட் அனுமதி வாங்கியிருக்க வேண்டும். 24 மணி நேரத்துக்குள், பயண நேரம் போக, மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும்.

இந்த 24 மணி நேரத்தில்தான் எல்லாத் தில்லுமுல்லும் நடக்கிறது. செவ்வாய் விடிகாலையில் வீட்டில் தூக்குவார்கள், வியாழக்கிழமை காலை ‘ரோந்து சென்றபோது பஸ் ஸ்டாண்டு அருகே சந்தேகத்துக்கு இடமாக நின்றவரை’ என்று மெமோ எழுதுவார்கள். நடுவில் இருக்கிற இரண்டு நாள் எந்தத் தாளிலும் இருக்காது. மடப்புரத்தில் நடந்ததும் அதுதான். நகை காணாமல் போன புகாருக்காகத் தனிப்படை கூட்டிப்போனது, ஸ்டேஷனுக்கு வெளியே ‘விசாரணை’. அந்த மனிதர் எழுத்தில் இல்லாத நேரத்தில் செத்தார். பிறகு ஐந்து காவலர்கள் கைதானார்கள், வழக்கு சி.பி.ஐ.க்குப் போனது.

நான் ஜூனியராக இருந்தபோது ஒரு அம்மா வந்தார். மகனை விடியலில் பிடித்துப் போயிருந்தார்கள். எழுத்துக்கூட்டித்தான் படிப்பார். ஆனால் அன்றைய நாள்காட்டித் தாளைக் கிழித்து, அதன் பின்பக்கம் பக்கத்து வீட்டுப் பெண்ணை விட்டு எழுத வைத்திருந்தார்: “காலை 5.40. வெள்ளை ஜீப். மூணு பேர். ஒருத்தர் பேன்ட் சட்டை.” என் சீனியர் அந்தத் தாளைத் திருப்பிப் பார்த்தார், முன்பக்கம் தேதி கொட்டை எழுத்தில் இருந்தது. உடனே தபால் ஆபீசுக்கு ஓடச் சொன்னார். எஸ்.பி.க்கு ஒன்று, மாஜிஸ்திரேட்டுக்கு ஒன்று, முதலமைச்சர் அலுவலகத்துக்கு ஒன்று, மூன்று தந்தி. மறுநாள் மாலை கைது என்று போலீஸ் காட்டியபோது, தந்தி ரசீதில் அதற்கு முந்தின நாள் முத்திரை இருந்தது. மாஜிஸ்திரேட் ரசீதைக் கையில் வைத்துக்கொண்டு பையனைப் பார்த்து, “எப்போ பிடிச்சாங்க?” என்று கேட்டார். அந்தக் கேள்விக்குப் பிறகு அந்தப் பையன் மேல் ஒரு அடியும் விழவில்லை.

2013 ஜூலையில் தந்திச் சேவையை நிறுத்தினார்கள். எங்கள் தொழிலில் அது பெரிய இழப்பு, மிகைப்படுத்திச் சொல்லவில்லை. இன்று அதன் இடத்தில் மின்னஞ்சல் இருக்கிறது. மாவட்ட எஸ்.பி.க்கோ மாநகரக் கமிஷனருக்கோ, மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்கோ, மாநில மனித உரிமை ஆணையத்துக்கோ அனுப்புங்கள். யார், எங்கே, எத்தனை மணிக்கு, எந்த வண்டியில் என்ற நான்கும் இருக்கட்டும், ஐந்து வரி போதும். அந்த நேர முத்திரையை யாராலும் திருத்த முடியாது. அப்படியும் ஆளைக் காட்டவில்லை என்றால் உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு.

கேமராவையும் மறக்காதீர்கள். சாத்தான்குளத்தில் விசாரிக்கப் போன மாஜிஸ்திரேட், ஸ்டேஷன் சி.சி.டி.வி. பதிவுகள் தினமும் தானாக அழியும்படி அமைக்கப்பட்டிருந்ததை அறிக்கையில் எழுதினார். அதே ஆண்டு டிசம்பரில், வேறொரு வழக்கில், ஸ்டேஷனின் வாசல், லாக்கப், வராண்டா எல்லா இடத்திலும் கேமரா வேண்டும், பதிவை 18 மாதம், முடியாவிட்டால் ஒரு வருடமாவது வைத்திருக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. ஸ்டேஷனில் ஏதாவது நடந்தால் அன்றே, இன்ன தேதி, இன்ன நேரப் பதிவைப் பாதுகாத்து வைக்கும்படி எழுதிக் கொடுத்து ரசீது வாங்குங்கள். ஒரு மாதம் கழித்து அலைந்தால் ‘ரிப்பேர்’ என்பார்கள்.

உங்கள் தம்பி விஷயத்துக்கு வருகிறேன். சட்டப்படி அந்த வாய்ச்சொல்லுக்காக அவர் போகத் தேவையில்லை. ஆனால் போகாமல் இருந்தால் ரெண்டு நாளில் ஜீப் வீட்டு வாசலுக்கு வரும் என்பதும் எனக்குத் தெரியும். என் யோசனை, போகட்டும், தனியாகப் போக வேண்டாம். தெரிந்த வக்கீல் இருந்தால் அவருடன், இல்லாவிட்டால் 15100க்குப் போன் செய்து இலவச சட்ட உதவி கேளுங்கள். பெண்களுக்கும், பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும், காவலில் இருப்பவர்களுக்கும் வருமானம் பார்க்காமல் கிடைக்கும். கிளம்பும் முன் ஒரு தாளில் எழுதுங்கள்: ‘நேற்றிரவு இன்ன இடத்தில் வாய்மொழியாகச் சொன்னபடி இன்று காலை 10 மணிக்கு ஆஜராகிறேன். எந்த வழக்கு அல்லது மனு தொடர்பாக என்று தெரிவிக்கக் கோருகிறேன்.’ இரண்டு நகல். ஒன்றை ஸ்டேஷன் ரைட்டரிடம் கொடுத்து, மற்றதில் முத்திரை கேளுங்கள். போட மறுத்தால் அங்கேயே நின்று உங்கள் போனில் அதைப் போட்டோ எடுத்து எஸ்.பி. அலுவலக மின்னஞ்சலுக்கு அனுப்புங்கள். தன் போனை வீட்டில் வைத்துவிட்டு, அடையாள அட்டையும் வண்டி நகல்களும் மட்டும் தம்பி கொண்டுபோகட்டும். நீங்கள் வெளியே வேப்பமரத்தடியில் நிற்காதீர்கள். வரவேற்பாளர் மேஜைக்கு எதிரே, கேமரா பார்க்கும் இடத்தில், உள்ளே உட்காருங்கள். போகச் சொன்னால், “தம்பி வந்ததும் சேர்ந்து போறோம் சார்” என்று சொல்லிவிட்டு அதே இடத்தில் இருங்கள். உள்ளே போன நேரத்தையும் வெளியே வந்த நேரத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். மதியம் வரை வெளியே விடவும் இல்லை, மெமோவும் இல்லை என்றால், மாலை வரை காத்திருக்காமல் அந்த ஐந்து வரி மின்னஞ்சலை உடனே அனுப்புங்கள்.